டொக்டர் ஷிப்லியின் பகற்சாப்பாடு

குடித்தவனைக் கண்டால் பேர்ணடெற்றுக்கு உடனே தெரிந்துவிடும். அவளுடைய அப்பா ஹியூபேட் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாட்களில் கொட்டாஞ்சேனைக் கள்ளுத் தவறணையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவருவது மூத்த மகளான அவளுடைய பொறுப்பாக இருந்தது. கால் எப்படித் தடுமாறும், நாக்கு எப்படிக் குழறும், காரணமில்லாமல் எப்படிச் சிரிப்பு வரும், சிரிப்பு தீர்ந்ததும் எப்படிக் கோபம் பொங்கும் என்பதெல்லாம் அவளுக்குச் சிறு வயதிலேயே பாடமாகியிருந்தது. அவர் செத்துப் பல வருடமாகியும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

அதனால்தான், ஜம்பட்டா வீதியில் டொக்டர் ஷிப்லியின் டிஸ்பென்சரியில் நேர்ஸாகச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு முற்பகலில் அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே ஒரு கிழவரின் நெஞ்சில் வைத்துத் தலையாட்டிக்கொண்டு நின்றதைக் கண்டதும் அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. நெற்றியில் வியர்வை ஓடியது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை கோணலாக வந்தது. பிறகு கிழவரின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பேர்ணடெற் கிழவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தபோது டொக்டர் மேசை லாச்சியை இழுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ஒருவாறு திறந்து, உள்ளேயிருந்த சீனிக்கட்டிகளைக் கையோடு அள்ளி வாய்க்குள் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது. கண் பழைய கண்ணாயிற்று.

"டொக்டர், நான் நாளையிலயிருந்து வரமாட்டன்" என்றாள்.

"ஏன் மிஸி?"

"என்ர அப்பாவைப் பார்த்த கண் இது. மணம் தெரியாமலிருக்க நீங்க என்ன செய்யிறீங்க எண்டு எனக்குத் தெரியாது. ஆனா எனக்கு இது ஏலாது."

அவர் கோபப்படவில்லை. அதே லாச்சிக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தார். ஸ்பிரிட்டில் ஊறிய ஊசியும் குழலும், பக்கத்தில் ஒரு சிறிய மருந்துக் குப்பியும் இருந்தன.

"எனக்குச் சலரோகம் மிஸி. எடின்பரோவில படிக்கப் போன காலத்தில வந்தது. இன்சுலின் கண்டுபிடிச்சு அப்பதான் நாலு வருஷம். அதுக்கு முந்தி வந்திருந்தா இண்டைக்கு நான் மையத்துப் பிட்டிக்குள்ள அடங்கியிருப்பன். காலையில ஒரு ஊசி, பொழுதுபட ஒரு ஊசி. போட்டா நேரத்துக்குத் தின்னணும். தின்னப் பிந்தினா ரத்தத்தில சீனி இறங்கும். இறங்கினா, நீங்க இப்ப கண்டீங்களே, அப்பிடி."

பேர்ணடெற்றுக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க பார்த்தது பிழையில்ல. பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு அது அப்பிடித்தான் தெரியும். ஒண்டுதான் கேக்கிறன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க. எண்ட மனிசி பஹ்மியாவுக்குத் தெரியும், இப்ப ஒங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ஊசி போட்டு உசிர் வச்சிருக்கிற டொக்டரிட்ட ஆர் வருவான்?"

சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் நாளைக் கழிக்கும் விதம் அவளுக்கு விளங்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் வீடு. விடிய எழும்பியதும் தம்முடைய சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சி நிறம் பார்ப்பாராம். நீலமாகவே நின்றால் நல்லது, செங்கல் நிறமானால் சீனி கூடியிருக்கிறது, அன்றைக்குச் சோற்றில் இன்னும் குறைக்க வேண்டும். பஹ்மியா தராசு வைத்துத்தான் சாப்பாடு போடுவார். ஊசி முனை மழுங்கினால் ஒரு சிறிய கல்லில் தாமே தீட்டிக்கொள்வார். கலியாண வீடுகளில் இனிப்பான வட்டிலப்பம் வைத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடுவார். இவ்வளவையும் செய்து முடித்து ஒஸ்ரின் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது, இப்போதுதான் நன்றாகத் தூங்கி எழுந்தவர்போலிருப்பார்.

நோயாளிகளை அவர் கேட்கும் கேள்விகளே வேறுவிதமாக இருந்தன. மருந்தை ஒழுங்காக எடுக்காமல் வந்தவரை மற்ற டொக்டர்மார் ஏசுவார்கள். இவர் ஏசியதை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இழுப்பு நோயோடு வந்த ஒரு கப்பல் தொழிலாளி மருந்தைப் பாதியில் விட்டுவிட்டதாகத் தலைகுனிந்து சொன்னபோது, "அலுத்துப்போச்சா? அலுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு நாளும் நான் வருத்தக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு எழும்புறது லேசான வேலையில்ல. எந்த நேரத்தில எடுக்கிறது ஒங்களுக்குச் சுகம், அதச் சொல்லுங்க" என்றார். அந்த மனிதன் நிமிர்ந்து பார்த்தான். டொக்டருக்கு இது எங்கேயிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. மறைப்புக்குப் பின்னால் கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்த பேர்ணடெற்றுக்குத் தெரியும். நல்ல டொக்டர்மாருக்குக் கீழே முன்பும் வேலை செய்திருக்கிறாள். இப்படி ஒருவரை அவள் கண்டதில்லை.

முப்பத்தெட்டாம் ஆண்டு நோன்பு மாதம் ஐப்பசி மழையோடு வந்தது. டொக்டரால் நோன்பு பிடிக்க முடியாது. நண்பகலில் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பஹ்மியா கொடுத்தனுப்பிய ரொட்டியையும் மீனையும் அவசரமாகச் சாப்பிடுவார். அந்த நேரத்தில் யாரும் கதவருகே வராமல் பார்த்துக்கொள்வது பேர்ணடெற்றின் வேலை. முன்கூடத்தில் வாங்கு நிறைய நோன்பாளிகள் எச்சிலைக்கூட விழுங்க யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் மதியம் ஆகும் தறுவாயில், பெட்டிகளுக்கிடையில் கை நசுங்கிய ஒரு துறைமுகத் தொழிலாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டொக்டர் கழுவித் தையல் போடத் தொடங்கினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் கண்ணால் உள்ளறையைக் காட்டினாள். "இந்தா, முடிஞ்சுது" என்றார். விரல்கள் ஒவ்வொன்றையும் காப்பாற்றப் பார்த்தார். அவள் மறுபடியும் காட்டினாள். இம்முறை அவர் கவனிக்கவே இல்லை. கடைசி முடிச்சைப் போட்டு, அந்த மனிதனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, உள்ளே போவதற்குப் பதில் முன்கூடத்துக்கு நடந்தார்.

அடுத்த முறை ரபீக்கா என்ற பெண்ணுடையது. மெலிந்துபோன தன் மகள் லுத்பியாவைக் கூட்டிவந்திருந்தாள். டொக்டர் அவர்கள் முன்னால் நின்று, "கப்பல் வந்திட்டா?" என்று கேட்டார். பிறகு கதவு நிலையைப் பிடித்தார். பிடி நழுவி நிலத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கினார்.

கூடம் முழுதும் எழும்பிவிட்டது. பேர்ணடெற் ஓடிப்போய்க் கோப்பையில் சீனித்தண்ணி கரைத்து வந்து அவர் வாயருகே பிடித்தாள்.

"குடியுங்க டொக்டர்."

"விடு!" என்று கத்திக் கையைத் தட்டிவிட்டார். கோப்பை உடைந்தது. இரண்டாவது கோப்பையோடு வந்து, அடம்பிடிக்கிற குழந்தைக்கு மருந்து பருக்குவதுபோல் தாடையை அழுத்திப் பிடித்து ஊற்றினாள். பாதி சட்டையில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று.

"அல்லாஹ்! நோன்பு புடிச்ச மனிசண்ட வாயில தண்ணி ஊத்துறாளே!" என்று ஒருவர் கூவினார்.

"நோன்பா? நல்லா குடிச்சிட்டு நிக்கிறாரு. கண்ணு தெரியல்லையா ஒங்களுக்கு?" என்றார் இன்னொருவர்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவள் நுனிநாக்கில் நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் மிச்சத் தண்ணியையும் பருக்கினாள். சனம் முணுமுணுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போயிற்று. ரபீக்காவும் மகளை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை மட்டும் வாசல்வரை அந்தத் தண்ணிக் கோப்பையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. நோன்புத் தாகமாக்கும் என்று பேர்ணடெற் நினைத்தாள்.

டொக்டருக்கு நினைவு தெளிந்தபோது கூடம் வெறுமையாக இருந்தது.

"என்ன நடந்தது மிஸி?"

"தலை சுத்தினது டொக்டர். சீனித்தண்ணி தந்தனான்."

"ஆக்கள் எங்க?"

"மழை பெருக்கப் போகுதெண்டு போயிட்டாங்க."

அவர் நம்பினார். அந்த மாதிரி நேரங்களில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை என்பது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று.

ஆனால் ஊர் மறக்கவில்லை. வாங்கில் ஆட்கள் குறைந்தார்கள். நோன்பு மாதம்தானே, பெருநாள் கழிய வருவார்கள் என்று டொக்டர் சமாதானம் சொல்லிக்கொண்டார். கதையின் கூர் அவரைவிட அவளைத்தான் அதிகம் குத்தியது. வேதக்காரப் பெட்டை, வேண்டுமென்றே நோன்பை முறித்தாள் என்றார்கள். அவளும் அவரும் சேர்ந்து குடிக்கிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு அடிபட்டது. தேவாலயப் பூசை முடிந்து வரும் வழியில் இதைக் கேட்ட அவளுடைய அம்மா மாக்ரெட் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினாள்.

"குடிகாரனோட நான் பட்டது காணாதா பிள்ளை? வேலையை விடு."

"அவர் குடிக்கிறேல்ல அம்மா."

"அப்ப அண்டைக்கு அது என்ன?"

பேர்ணடெற் குனிந்து அடுப்பை ஊதினாள். மாக்ரெட் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அடுத்த நாளும் பேர்ணடெற் வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வீதியில் தெரிந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நோன்பு பாதி கழிந்திருந்தது. ஒரு பின்நேரம், அசர் தொழுகை முடிந்த கையோடு பௌஸி ஹாஜியார் டிஸ்பென்சரிக்கு வந்தார். பள்ளிவாசல் தர்மகர்த்தாக்களில் ஒருவர், துணிக்கடைக்காரர். டொக்டரின் வாப்பாவோடு பழகியவர். முன்கூடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நான் ஒங்கட மேல ஒண்டும் சொல்ல வரல்ல. இந்த மிஸிய நிப்பாட்டிடுங்க. நோன்பாளியிட வாயில பலவந்தமாத் தண்ணி ஊத்தினா எண்டு ஊரே கதைக்கிது."

டொக்டர் பேர்ணடெற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மிஸி இது?"

இனி மறைக்க இடமில்லை. நடந்ததை அவள் சொன்னாள். கோப்பை உடைந்தது, ஆட்கள் பேசியது, எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுகை வரவுமில்லை.

"இத்தன நாளா இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இஞ்ச வந்து நிண்டீங்க? ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்ல வேண்டாம் எண்டீங்களே, டொக்டர்."

அவர் எழும்பி உள்ளே போனார். தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். பொழுதுபடும் நேரத்து ஊசிக்கு இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. முன்கூடத்து மேசையில், எல்லோரும் பார்க்கும்படி பெட்டியைத் திறந்து குப்பியிலிருந்து மருந்தை இழுத்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மேற்கையில் ஊசியை ஏற்றினார். வாங்கிலிருந்த ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"பன்னிரண்டு வருஷமா இதுதான் எண்ட சீவியம். சலரோகம். இது இல்லாட்டி நான் மௌத்து. அண்டைக்கு நான் குடிச்சிருக்கல்ல. சாப்பிடப் பிந்தி, எண்ட உசிர் போகப் பார்த்தது. இந்த மிஸி எண்ட தாடையைப் புடிச்சு அத உள்ளுக்கு இழுத்து வச்சா. நிப்பாட்டுறதெண்டா, என்னை நிப்பாட்டுங்க ஹாஜியார்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"வருத்தக்காரனுக்கு மார்க்கம் லேசாக்கித்தானே தந்தீக்கி தம்பி. நோன்பு புடிக்க ஏலாட்டி ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்தா முடிஞ்சுது. ஏன் ஒளிச்சீங்க?"

"சாப்பாடு குடுக்கிறன். வருஷா வருஷம் குடுக்கிறன். நான் நோன்ப ஒளிக்கல்ல ஹாஜியார், நோயத்தான் ஒளிச்சன்."

ஹாஜியார் அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்கத் தயங்கினார்.

"இது... பண்டியில இருந்து எடுக்கிற மருந்து எண்டு செல்றாங்களே?"

"ரெண்டிலயும் எடுக்கிறாங்க. இது மாட்டில எடுத்தது. சீமைக்கு எழுதிக் கேட்டு இதத்தான் எடுப்பிக்கிறன்."

ஹாஜியார் குப்பியைப் பத்திரமாக மேசையில் வைத்தார். போகும்போது பேர்ணடெற்றின் முன்னால் நின்று, "புள்ள, பொறுத்துக்கொள்ளுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவுத் தொழுகை முடிந்து கலைந்தவர்கள் வாயோடு அந்தச் செய்தி தெருத்தெருவாகப் போனது. சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர், சொந்த நோயை மாற்றத் தெரியாதவர் நமக்கு என்ன மாற்றப்போகிறார் என்றார்கள். அவர்கள் பிறகு திரும்பி வரவே இல்லை.

மறுநாள் காலை, டிஸ்பென்சரி திறக்குமுன்பே வாசலில் ஒரு ரிக்ஷா நின்றது. உள்ளே ரபீக்காவின் மடியில் லுத்பியா கிடந்தாள். பேர்ணடெற் பிள்ளையைத் தூக்கியபோது காற்றைத் தூக்கியதுபோலிருந்தது. மூச்சு ஆழமாக, இரைந்து வந்தது. அழுகத் தொடங்கிய பழத்தின் மணம் அதில் இருந்தது. அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய டொக்டர் கிட்டப் போனார். ஒரு மூச்சில் அவருக்கு விளங்கிவிட்டது.

"எப்பயிருந்து தண்ணி தண்ணி எண்டு கேக்கிறா?"

"மூணு மாசமா. பெரியாஸ்பத்திரியில சீனி வருத்தம் எண்டு சென்னாங்க. சாகும் மட்டும் ஊசி போடணும் எண்டாங்க. எனக்குப் பயம் வந்து கூட்டிக்கொண்டு வந்திட்டன். பொம்புளப் புள்ள டொக்டர். தினம் ஊசி குத்துற புள்ளய ஆர் கலியாணம் முடிப்பான்? அண்டைக்கு ஒங்களிட்ட வந்த, ஊசி வேணாம் எண்டு நீங்க செல்லுவீங்களோ எண்டுதான். நீங்க குடிச்சிருக்கீங்க எண்டு நெனச்சுப் போயிட்டன். ராத்திரித்தான் பக்கத்து வீட்டில சென்னாங்க, ஒங்களுக்கும் இதுதான் எண்டு."

டொக்டர் தம்முடைய குப்பியிலிருந்தே மருந்தை எடுத்துப் பிள்ளைக்கு ஏற்றினார். பேர்ணடெற் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரபீக்காவோடு பின்சீட்டில் இருக்க, ஒஸ்ரின் காரைப் பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார். வழியில் ஒரேயொரு தடவைதான் பேசினார்.

"அண்டைக்கு இந்தப் புள்ள எண்ட முன்னாலதானே நிண்டது மிஸி? நான் முந்தியே வாய் திறந்திருந்தா இது இவ்வளவுக்கு வந்திராது."

அவள் ஆறுதல் சொல்ல நினைத்தாள். ஆனால் அவர் சொன்னது உண்மை. அவள் பிள்ளையின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் இழுபறியாக இருந்தது. டொக்டர் காலையும் மாலையும் வார்டுக்குப் போனார். மூன்றாம் நாள் லுத்பியா கண் விழித்து, தனக்குப் பசிக்கிறது என்றாள். பெருநாளுக்கு இரண்டு நாளுக்கு முன் வீட்டுக்கு வந்தாள்.

ஊசி போடப் பழக்குவதற்காக ரபீக்கா அவளை மறுநாள் காலையில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தாள். பிள்ளை ஊசியைக் கண்டதும் வீரிட்டது. டொக்டர் அன்று தம்முடைய காலை ஊசியை வீட்டில் போடாமல், சாப்பிடாமல் வந்திருந்தார். இரண்டு ஊசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"வா மகள். ஒண்டு ஒனக்கு, ஒண்டு எனக்கு. ஆர் முந்திப் போடுறது?"

லுத்பியா யோசித்தாள். "நீங்க."

அவர் போட்டார். "நோகல்லையா?" என்று கேட்டாள்.

"நோகும். கொஞ்சம் நோகும். நோகாதெண்டு நான் செல்லமாட்டன். ஆனா இதப் போட்டுட்டுத்தான் நான் படிச்சன், கலியாணம் முடிச்சன், கார் ஓட்டினன், இத்தன பேருக்கு மருந்து குடுக்கிறன். நீயும் எல்லாம் செய்யலாம்."

ரபீக்கா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லுத்பியா கையை நீட்டினாள்.

அதன்பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்தும் வாழைத்தோட்டத்திலிருந்தும் சீனி வருத்தக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வெட்கப்பட்டு ஒளித்தவர்கள், பயந்து விட்டவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் இனிப்புத் தின்றவர்கள். அவர்களுக்குச் சாப்பாட்டை அளப்பதையும் ஊசியைக் காய்ச்சுவதையும் பேர்ணடெற்தான் சொல்லிக்கொடுத்தாள். மாக்ரெட்டே ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிவந்து, "என்ர மகள்தான் இந்த டொக்டரிட மிஸி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அடுத்த வருடம் நோன்பு பிறந்த முதல் நாள். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியிருந்தது, இன்சுலின் ஒழுங்காக வருமா என்று டொக்டர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நண்பகல் ஆகும் நேரம் பௌஸி ஹாஜியார் கையில் சாப்பாட்டுக் கரியரோடு படியேறி வந்தார். நோன்பில் அவருடைய உதடு காய்ந்திருந்தது.

"எங்கட ஊட்டில ஆக்கினது தம்பி. சோறு எவ்வளவு, மீன் எவ்வளவு எண்டு மிஸியிட்டக் கேட்டு, அளந்துதான் வச்சீக்கி. நோன்பு முடியும் மட்டும் ஒங்கட பகல் சாப்பாடு எங்கட ஊட்டிலயிருந்துதான் வரும்."

"ஹாஜியார், நீங்க நோன்போட இத..."

"ஆறப் போகுது. தின்னுங்க. பிந்தினா இந்தப் புள்ள ஒங்கட தாடையப் புடிச்சிரும்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டொக்டர் ஷிப்லியும் சிரித்தார். கரியரை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனவர், வழக்கமாகச் சாத்தும் கதவைச் சாத்தவில்லை. மேசையில் உட்கார்ந்து பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். பேர்ணடெற் முன்கூடத்துக்கு வந்து, டொக்டர் சாப்பிட்டு முடியும்வரை எல்லோரும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.